பாக்பஜாரில் கிரீஷ் கோஷின் வீடு

வடக்கு கொல்கத்தாவின் பாக்பஜாரில் கிரீஷ் அவென்யூ ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து, நடுவே ஒரு வீட்டை விட்டுவிட்டு மறுபடி ஒன்றுசேர்கிறது. சாலை போட்ட காலத்தில் இடிக்க மனம் வராமல் விட்டுவைத்த அந்த வீடு, வங்க நாடகாசிரியர் கிரீஷ் சந்திர கோஷ் வாழ்ந்தது. இருபக்கமும் வண்டிகள் ஓயாமல் ஓடுகின்றன. எதிரே தேநீர்க் கடையில் வழி கேட்டேன். "கிரீஷ் பாபுவின் வீடா?" என்று பெரியவர் ஒருவர் எழுந்து வந்தே காட்டினார். இறந்து நூறாண்டு கடந்த ஒருவரை அந்தத் தெரு இன்னும் 'பாபு' என்று மரியாதையோடு சொல்வது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

1844-இல் இதே பாக்பஜாரில் பிறந்தவர் கிரீஷ். வெள்ளைக்காரக் கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டே நாடகம் போட்டவர், பிறகு வேலையை உதறிவிட்டு முழுநேர நாடகக்காரர் ஆனார். நடிகர், ஆசிரியர், பயிற்சியாளர், மேலாளர் எல்லாம் அவரே. அவர் வசனம் சொல்லச் சொல்ல உடனிருப்பவர் எழுதிக்கொள்வார். புராணம், சமூகம், சரித்திரம் எதையும் விடவில்லை. வங்கப் பிரிவினை நடந்த 1905-இல், ஆங்கிலேயரிடம் தோற்ற வங்க நவாபைப் பற்றிய 'சிராஜ் உத் தௌலா'வை மேடையேற்றினார். ஆங்கில அரசு பின்னர் அதைத் தடைசெய்தது.

ஆனால் நான் வடக்கு கொல்கத்தாவுக்குப் போனதற்கு இன்னொருவரும் காரணம்: அவருடைய மாணவி பினோதினி தாசி. நல்ல குடும்பத்துப் பெண்கள் மேடையேறாத காலம் அது. விலைமாதர் தெருக்களிலிருந்து வந்த பெண்களுக்குப் பாடம் சொல்லி, பெரும் நடிகைகளாக்கினார் கிரீஷ். 1884-இல் அவருடைய 'சைதன்ய லீலா'வில் வைணவ மகான் சைதன்யராக நடித்தது பினோதினிதான். செப்டம்பரில் ஒருநாள் ராமகிருஷ்ண பரமஹம்சரே நாடகம் பார்க்க வந்தார். மனம் உருகி பினோதினியை வாழ்த்திவிட்டுப் போனார். குடியும் முரட்டுத்தனமுமாக இருந்த கிரீஷ் பரமஹம்சரின் சீடரானதும் அந்தக் காலத்தில்தான்.

அந்த நாடகம் நடந்தது பீடன் தெருவிலிருந்த பழைய ஸ்டார் தியேட்டரில். அது எழும்பிய விதம் மனத்தை அறுக்கிறது. குர்முக் ராய் என்ற பணக்கார இளைஞர், பினோதினி தனக்கு உரியவளாக வேண்டும் என்ற நிபந்தனையோடு பணம் போட்டார். நாடகத்துக்காக பினோதினியும் சம்மதித்தார். அரங்குக்கு அவர் பெயர் வரும் என்று ஆசை காட்டினார்கள். பதிவு முடிந்த பிறகுதான் 'ஸ்டார்' என்று வைத்துவிட்டது அவருக்குத் தெரிந்தது. சில ஆண்டுகளில், இருபதுகளின் நடுவிலேயே, மேடையை விட்டு விலகினார்.

பழைய கட்டடம் இப்போது இல்லை. குழுவினர் 1888-இல் ஹாதிபாகானில் கட்டிய ஸ்டாரைத்தான் நாம் பார்க்க முடியும். பாக்பஜாரிலிருந்து நடந்தே போகலாம். துணிக்கடைகளும் நடைபாதை வியாபாரமும் நெருக்கும் பிதான் சரணியில், 1991 தீவிபத்துக்குப் பிறகு புதுப்பிக்கப்பட்ட கட்டடம். 2024 டிசம்பர் இறுதியில், அதற்குப் 'பினோதினி தியேட்டர்' என்று பெயர் மாற்றுவதாக மேற்கு வங்க முதல்வர் அறிவித்தார். ஏமாற்றப்பட்டது 1883-இல், பெயர் வந்து சேர 141 ஆண்டுகள். எனக்கு மகிழ்ச்சியைவிடக் கோபமே அதிகம் வந்தது.

கிரீஷை நான் மதிக்கிறேன். அந்தப் பெண்களின் திறமையை அவரளவு கண்டுகொண்டவர் அன்று எவரும் இல்லை. என்றாலும் பினோதினி தன் வரலாற்றை எழுதி குருவிடம் முன்னுரை கேட்டபோது, பல உண்மைகளை விட்டுவிட்டுத்தான் எழுதிக் கொடுத்தார். மாணவி அதை ஏற்கவில்லை. திருத்தி எழுதும்படி கேட்டார். எழுதுவதாகச் சொன்ன கிரீஷ் 1912 பிப்ரவரியில் காலமானார். 'அமார் கதா' ('என் கதை') என்ற அந்த நூல் முன்னுரை இல்லாமலே வெளிவந்தது. அடுத்த பதிப்பில்தான் அதைச் சேர்த்தார். வங்காளம் தெரியாதவர்களுக்கு ரிம்லி பட்டாச்சார்யாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது. அதைப் படித்துவிட்டு பாக்பஜார் போங்கள். ஷோபாபஜார் சுதானுட்டி மெட்ரோவில் இறங்கினால் இரண்டு இடங்களையும் ஒரே மாலையில் நடந்து பார்த்துவிடலாம்.