சீனப் போர்ப் பதக்கமும் பம்பாய்த் தேக்கும்

ஜூன் 8, ஞாயிறு

ஆரணியிலிருந்து அத்தை வந்திருக்கிறார். பாட்டியின் சுருக்குப்பையில் இருந்த வெள்ளிப் பதக்கத்தை என்னிடம் கொடுத்தார். "கொலுசெல்லாம் அடகுக்குப் போச்சு. இதை மட்டும் உங்க பாட்டி வெளியே விடலைப்பா" என்றார். ஒரு பக்கம் இளவயது விக்டோரியா ராணி. மறுபக்கம் பனைபோல ஒரு மரம், கேடயம், ஆயுதங்கள், கீழே 'சீனா 1842' என்று ஆங்கிலத்தில். வருஷா வருஷம் திருநீறு போட்டுத் தேய்த்ததில் ராணியின் கன்னம் மழுங்கிவிட்டது. விளிம்பில் வெட்டிய எழுத்துகள் நகத்துக்குத்தான் தட்டுப்படுகின்றன.

ஜூன் 10

எங்கள் முன்னோர் இருந்தது 37வது மதராஸ் காலாட்படை என்பது வீட்டுப் பேச்சு. 1841 மே கடைசியில், சீனாவின் கான்டன் நகருக்கு அருகே கொட்டும் மழையில் அந்தப் படையின் ஒரு பிரிவு தனியாக மாட்டிக்கொண்டது. வெடிமருந்து நனைந்து துப்பாக்கி வெடிக்கவில்லை. ஈட்டியோடு சூழ்ந்த கிராமத்தாரைத் துப்பாக்கிமுனைக் கத்தியால் தடுத்தபடி நின்றிருக்கிறார்கள். சீனாவில் அபினி விற்பதற்காக பிரிட்டிஷார் நடத்திய போர் அது. அந்த ஊர்க்காரர்கள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

ஜூன் 13

இரவெல்லாம் கப்பல்களைப் பற்றித்தான் படித்தேன். போரை முடித்த நான்கிங் ஒப்பந்தம் 1842 ஆகஸ்ட் 29 அன்று கையெழுத்தானது 'கார்ன்வாலிஸ்' கப்பலில். 1813இல் பம்பாயில் அதைக் கட்டியவர் ஜம்சேட்ஜி போமன்ஜி வாடியா. அவருடைய தாத்தா லவ்ஜி, 1736இல் சூரத்திலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கப்பல் கட்ட வந்த பார்சித் தச்சர். ஹாங்காங்கில் ஆஸ்பத்திரிக் கப்பலாக நின்ற 'மிண்டன்' கூட 1810இல் ஜம்சேட்ஜி கட்டியதுதான். சீமையில் ஓக் மரத்தில் கட்டுவார்கள். அதன் அமிலம் இரும்பு ஆணியை அரித்துவிடும். தேக்கில் இருக்கும் எண்ணெய் ஆணியைக் காக்கும். அவர் கட்டிய 'டிரிங்கமலி' 1817இல் கடலில் இறங்கியது, இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. சுட்டதும் நம் ஆட்கள், கப்பல் கட்டியதும் நம் ஆட்கள். பதக்கத்தில் ராணியின் முகம் மட்டும். இது எனக்கு ஆறவே இல்லை.

ஜூன் 14

வேலூர் மக்கான் சிக்னலில் 1806 சிப்பாய்க் கலக நினைவுத் தூணைத் தாண்டித்தான் பஸ் போகிறது. அந்தக் கலகம் நடந்து 36 வருஷத்துக்குள் மதராஸ் சிப்பாய்கள் நான்கிங் வரை போயிருக்கிறார்கள்.

ஜூன் 15

உருக்கி இரண்டு குழந்தைகளுக்கும் அரைஞாணாகச் செய்யலாம் என்றான் தம்பி. அத்தை பிடித்த பிடியில் வாயை மூடிக்கொண்டான். சரி, ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிப் பதக்கத்தோடு வைத்துவிட்டேன், ஜம்சேட்ஜியின் பெயரையும் சேர்த்து. இனித் திருநீறு போட்டுத் தேய்க்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியாயிற்று. அடுத்த வாரம் கோட்டை மியூசியத்தில் காட்டி விளிம்பு எழுத்தைப் படிக்க முடியுமா என்று கேட்க வேண்டும். அத்தையும் வருகிறாராம்.