மண்ணீரல் சுருங்கும்வரை துடுப்புக்கு விடுப்பு

சிங்கப்பூரில் காய்ச்சல் இரண்டு மூன்று நாள்களுக்கு மேல் நீடித்தால் வீட்டிலும் மருந்தகத்திலும் முதலில் எழும் சந்தேகம் டெங்கிதான். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் அந்தச் சமயத்தில் டெங்கி எச்சரிக்கைப் பதாகை தொங்கிக்கொண்டிருந்ததால், எனக்குக் காய்ச்சல் வந்தபோது அம்மா வேறு எதையும் யோசிக்கவே இல்லை. நான் பல்கலைக்கழக டிராகன் படகுக் குழுவில் இடப்புறம் துடுப்புப் போடுபவள். காய்ச்சலுக்குச் சில நாள்கள் முன்பிருந்தே காலாங் படுகையில் நடக்கும் மாலைப் பயிற்சிகளில் கை கனத்தது. கரை திரும்பிப் படகைத் தூக்கி வைத்த பிறகு பேருந்து நிறுத்தம்வரை நடப்பதே பெரிய வேலையாகத் தோன்றியது. போட்டிக்கு முந்தைய கடும் பயிற்சியின் அலுப்பு என்றுதான் பயிற்றுநரும் நினைத்தார். பிறகு காய்ச்சல், விழுங்க முடியாத தொண்டை வலி, கழுத்தின் பின்பக்கம் இருபுறமும் நெறி கட்டியது என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன.

மருந்தகத்தில் எடுத்த டெங்கிச் சோதனையில் ஒன்றும் இல்லை. ஆனால் ரத்தத் தட்டணுக்கள் சற்றே குறைந்திருந்ததால், டெங்கி என்ற எண்ணத்தை அம்மாவால் உடனே விட முடியவில்லை. மருத்துவர் என்னை வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு டான்சில்களும் வீங்கி அவற்றின்மேல் வெள்ளைப் படலம் போர்த்தியிருப்பதைக் காட்டினார். டெங்கியில் தொண்டை இப்படி ஆவதில்லை என்றார். அதோடு, டெங்கியில் பொதுவாக வெள்ளையணுக்கள் குறையும். என் அறிக்கையிலோ வெள்ளையணுக்களில் ஒரு வகையான நிணநீரணுக்கள் மட்டும் பாதிக்கு மேல் ஏறியிருந்தன, அவற்றில் பல வழக்கமான வடிவத்தில் இல்லை. அவர் அடுத்துக் கேட்ட கேள்விதான் எனக்கு விநோதமாக இருந்தது: “வீட்டில் மிச்சம் இருந்த ஆன்டிபயாட்டிக் ஏதாவது சாப்பிட்டாயா?” பல் பிடுங்கியபோது தம்பிக்குக் கொடுத்த அமாக்சிசிலின் மாத்திரைகள் வீட்டில் கிடந்தன, பாட்டி அவற்றை எடுத்து மேசைமேல் வைத்தும் இருந்தார். அவர் சந்தேகப்பட்டது சுரப்பிக் காய்ச்சல்; அந்த நோய் இருப்பவர்கள் அமாக்சிசிலினோ ஆம்பிசிலினோ உட்கொண்டால் பலருக்கு உடல் முழுவதும் சிவந்து தடித்துவிடுமாம், அதைப் பார்த்து மருந்து ஒவ்வாமை என்று வாழ்நாள் முழுவதும் தவறாக எழுதிவைத்துக்கொள்வோரும் உண்டாம். மேலும் இது வைரஸ் என்பதால் ஆன்டிபயாட்டிக்கால் பயனும் இல்லை.

சுரப்பிக் காய்ச்சலின் மருத்துவப் பெயர் மோனோநியூக்ளியோசிஸ். உடனடிச் சோதனை முதலில் இல்லை என்றே காட்டியது. முதல் வாரத்தில் அந்தச் சோதனை நாலில் ஒருவருக்குத் தவறிப்போகும் என்பதால் அவர் அதை நம்பிவிடாமல், இந்த நோயை உண்டாக்கும் எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கு எதிராக உடலில் உருவாகும் எதிர்ப்பொருள்களைத் தனியே பார்க்கச் சொல்லி ரத்தம் அனுப்பினார். புதிய தொற்று என்பது அதில்தான் உறுதியானது.

படுத்துக் கிடந்தபோது இந்த வைரஸைப் பற்றி நிறைய வாசித்தேன். ஆண்டனி எப்ஸ்டீன், இவோன் பார், பர்ட் ஆச்சோங் ஆகிய மூவரும் ஆப்பிரிக்கக் குழந்தைகளின் புற்றுக்கட்டியிலிருந்து வளர்த்த உயிரணுக்களில் 1964-இல் இதைக் கண்டிருக்கிறார்கள்; மூன்றாமவரின் பெயர் ஏனோ வைரஸின் பெயரில் இடம்பெறவில்லை. ஆனால் அதற்கும் சுரப்பிக் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பு அப்போது யாருக்கும் தெரியாது. ஃபிலடெல்ஃபியாவில் வெர்னர் ஹென்லே, கெர்ட்ரூட் ஹென்லே தம்பதியரின் ஆய்வகத்தில், எதிர்ப்பொருள் இல்லாதவர் என்று ஒப்பீட்டுக்குப் பயன்பட்ட ஊழியர் ஒருவருக்கே இந்தக் காய்ச்சல் வந்து, அதன்பின் அவர் ரத்தத்தில் எதிர்ப்பொருள் தோன்றியதைக் கொண்டு 1968-இல் அந்தத் தொடர்பை வெளியிட்டார்கள். வயதுவந்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்த வைரஸைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறோம். சிறுவயதில் தொற்றினால் சாதாரணச் சளிக்காய்ச்சலாகக் கடந்துவிடும். பதின்ம வயதிலோ இருபதை ஒட்டியோ முதன்முறை தொற்றும்போதுதான் இப்படி ஆளை வீழ்த்துகிறது.

எச்சிலால் பரவும் நோய் என்று தெரிந்ததும் சித்தி நேரடியாகவே கேட்டார்: “யார் எச்சியடி குடிச்சே?” இருபது பேர் துடுப்புப் போடும் படகில், தாகம் எடுத்தால் காலடியில் உருண்டுகிடக்கும் புட்டிகளில் கைக்கு எட்டுவதை எடுத்துக் குடிப்போம் என்று சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்தால், வேறு பதில் சொல்லியிருந்தாலே மேல் என்று தோன்றியது. குழுவில் யாரிடமிருந்து வந்தது என்று தேடிப் பார்க்கவும் சிலர் முனைந்தார்கள். தொற்றிய பிறகு அறிகுறி தென்பட நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும் என்பதாலும், நோயே இல்லாதவர்களின் எச்சிலிலும் இந்த வைரஸ் அவ்வப்போது வெளிப்படும் என்பதாலும் அந்தத் தேடலுக்குப் பொருளில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தனிமைப்படுத்திக்கொள்ளவும் தேவையில்லை, புட்டி, கரண்டி, பல்துலக்கி மட்டும் தனியாக இருந்தால் போதும்.

முதல் பத்து நாள்களைப் பற்றிச் சொல்வதற்குத் தொண்டையைத் தவிர அதிகம் இல்லை. எச்சிலை விழுங்கும் ஒவ்வொரு முறையும் வலி காதுவரை ஏறியது. பாட்டி மிளகு ரசத்தைச் சூடாகக் கொண்டுவந்து நீட்டினார், ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. குளிரவைத்த மோர்க்கஞ்சி, ஐஸ்கட்டி, உப்பு நீரில் கொப்பளிப்பு, மருத்துவர் குறித்துக் கொடுத்த அளவில் பனடால் ஆகியவைதான் என்னை நடத்திச் சென்றன. படுத்தால் தொண்டை அடைப்பதுபோல் இருந்ததால் இரவில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி உறங்கினேன். மூச்சுவிடச் சிரமமாக இருந்தாலோ, தண்ணீர்கூட இறங்காமல் போனாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்ற எச்சரிக்கையை அம்மா குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டிவைத்திருந்தார். கல்லீரல் நொதிகளும் ஏறியிருந்தன. இந்த நோயில் அது வெகு சாதாரணம் என்றாலும் மருத்துவர் அதைச் சொன்னதும் பாட்டிக்குக் கீழாநெல்லி நினைவுக்கு வந்துவிட்டது. நொதிகள் இறங்கும்வரை நாட்டு மருந்து உட்படப் புதிதாக எதுவும் கல்லீரலுக்கு வேலை வைக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னதை நான் பாட்டியிடம் எடுத்துச் சொன்னபோது அவர் இரண்டு நாள்கள் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

உண்மையான சிக்கல் காய்ச்சல் விட்ட பிறகுதான் தொடங்கியது. தொண்டை திறந்தது, பசி வந்தது, தோள்களுக்குப் பழைய வேலை வேண்டியிருந்தது. அடுத்த பரிசோதனைக்குச் சென்றபோது, காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து மூன்று வாரங்களுக்கு எந்த உடற்பயிற்சியும் கூடாது, படகுக்கும் பளுதூக்கலுக்கும் குறைந்தது ஒரு மாதம் என்று மருத்துவர் சொன்னார். டிராகன் படகோட்டம் ஒன்றும் ரக்பியைப் போல ஆள்மேல் ஆள் விழும் விளையாட்டு இல்லையே என்று நான் வாதாடினேன். அவர் ஒரு தாளை எடுத்து விலாவெலும்புகளை வரைந்து, இடப்பக்கம் கடைசி விலாக்களுக்கு உள்ளே கைப்பிடி அளவில் ஒளிந்திருக்கும் மண்ணீரலைக் குறித்தார். இந்த நோயில் நிணநீரணுக்கள் அதற்குள் திரள்வதால் அது வீங்கி விலாவின் பாதுகாப்புக்கு வெளியே தலைநீட்டும். அதன் உறை நன்றாகப் பழுத்த தக்காளியின் தோல் போலாகிவிடும். அடிபட்டால்தான் என்றில்லை, மூச்சைப் பிடித்து வயிற்றை இறுக்கி முக்கினாலே கிழியக்கூடும். எதுவுமே செய்யாமல் கிழிந்தவர்களும் உண்டு. நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே இது நேர்கிறது. நேர்வதும் பெரும்பாலும் முதல் மூன்று வாரங்களுக்குள்தான். ஆனால் நேர்ந்துவிட்டால் உள்ளுக்குள் ரத்தம் கொட்டும். இடப்பக்க மேல்வயிற்றில் திடீரென்று கடும் வலி, காரணமில்லாமல் இடத்தோளின் நுனியில் வலி, தலைசுற்றல் இவற்றில் எது வந்தாலும் அவசர ஊர்திக்கான 995-ஐ அழைக்க வேண்டும் என்றார். துடுப்பு நீரில் இறங்கும் கணத்தில் நாங்கள் என்ன செய்கிறோம் என்பதை நானே நினைத்துப் பார்த்தேன்: இடுப்பிலிருந்து முறுக்கி, வயிற்றை இறுக்கி, முழு உடம்பின் எடையையும் இடப்பக்கமாகச் சாய்த்து இழுக்கிறோம். அதன்பின் நான் வாதாடவில்லை.

ஸ்கேன் எடுத்து மண்ணீரல் சுருங்கிவிட்டது என்று காட்டிவிட்டால் சீக்கிரம் படகில் ஏறலாமே என்றும் கேட்டுப் பார்த்தேன். அதன் இயல்பான அளவு ஆளுக்கு ஆள் மாறும், உயரமான விளையாட்டுக்காரர்களுக்கு எப்போதுமே சற்றுப் பெரிதாகத்தான் இருக்கும். நோய்க்கு முந்தைய என் அளவு தெரியாதபோது ஒரே ஒரு ஸ்கேனை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பது அவருடைய பதில். ஆகவே காலந்தான் மருந்து. பயிற்சிக்கு மட்டும் போகாமல் இருந்தால் போதும் என்று எண்ணியிருந்த எனக்கு, தடை எவ்வளவு நீண்டது என்பது வீட்டில் புரிந்தது. ஈரச்சந்தையிலிருந்து அரிசி மூட்டையைத் தூக்கக் கூடாது, மடிக்கணினியும் புத்தகங்களும் அடைத்த பையை மாட்டக் கூடாது, கட்டிலை நகர்த்தக் கூடாது. தேசிய சேவையில் இருக்கும் தம்பி வார இறுதியில் வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டு, “எங்க கேம்ப்ல எம்சி கிடைச்சா பார்ட்டி வைப்பாங்க. நீ ஏன்க்கா அழுவுறே?” என்றான். எம்சி என்றால் மருத்துவ விடுப்பு.

அவனுக்கு நான் சொல்ல நினைத்துச் சொல்லாதது இதுதான்: என் உடம்பை அளக்க எனக்குத் தெரிந்த ஒரே கருவி வலிதான், அந்தக் கருவி இப்போது பொய் சொல்கிறது. கை எரியும்போது வேகத்தைக் குறைக்காமல் இருப்பதற்குத்தான் எங்களுக்கு ஆண்டுக்கணக்கில் பயிற்சி தருகிறார்கள். களைப்பு என்பது கடக்க வேண்டிய ஒன்று என்று பழகிய உடம்புக்கு, களைப்பைக் கண்டதும் நிற்கச் சொல்வது முற்றிலும் வேறு பயிற்சி. இந்த நோயின் களைப்பு செய்யும்போது தெரிவதும் இல்லை. காலையில் உற்சாகமாக எழுந்து, விரிவுரைக்குப் போய், தோழியரோடு உணவங்காடியில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்த அன்று எல்லாம் நலமாகவே இருந்தது. மறுநாள் பகல் முழுவதும் கண்ணைத் திறக்க முடியவில்லை. அதன்பிறகு நானும் மருத்துவரும் வகுத்துக்கொண்ட விதி, ஒரு வேலை எனக்கு ஒத்துக்கொண்டதா என்பதை அந்த நேரத்திலோ அன்றிரவிலோ முடிவுசெய்யாமல் மறுநாள் மாலையில் முடிவுசெய்வது. மறுநாள் மாலை வழக்கம்போல் இருந்தால் அதே அளவை இன்னும் இரண்டு முறை செய்வேன், பிறகு சற்றே கூட்டுவேன். இல்லையென்றால் பாதியாகக் குறைப்பேன். காலையில் கட்டிலைவிட்டு எழும் முன்பே நாடியை எண்ணி எழுதிவைப்பதும் உதவியது. வழக்கத்தைவிட அது கூடியிருந்த நாள்களில், மனம் எவ்வளவு துள்ளினாலும் எதையும் கூட்டவில்லை.

தடைக்காலம் முடிந்ததும் நடையில் தொடங்கினேன். காலாங் நதியோரம் காலை ஏழு மணிக்கு முன்பே, வெயில் ஏறுவதற்குள், பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில். என்னைவிட ஐம்பது வயது மூத்த தாத்தாக்கள் கையை வீசிக்கொண்டு கடந்துபோனார்கள்; அவர்களில் ஒருவர் தினமும் “குட்மார்னிங்” சொல்லிவிட்டு என்னைத் தாண்டுவதில் ஒரு திருப்தி கண்டார் என்றே நினைக்கிறேன். நடை ஒத்துக்கொண்ட பிறகு மிதிவண்டி இயந்திரம், அதன்பிறகு எடையே இல்லாத தோள் பயிற்சிகள். கல்லீரல் நொதிகள் இயல்புக்குத் திரும்பியதைக் காட்டும் ரத்த அறிக்கை வந்து, மருத்துவரும் வயிற்றை அழுத்திப் பார்த்துச் சரி என்ற பின்னரே படகுக்கு அருகில் போனேன். பயிற்றுநர் என்னை முதலில் துடுப்பிடம் விடாமல் முன்முனையில் முரசுக்கு முன் உட்காரவைத்தார். முரசடிப்பவர் துடுப்புப் போடுவோரைப் பார்த்தபடி அமர்வதால், எனக்குப் பதிலாக என் இடத்தில் அமர்ந்திருந்த பெண் துடுப்பை எவ்வளவு சீக்கிரம் நீரிலிருந்து எடுத்துவிடுகிறாள் என்பதை ஒவ்வோர் இழுப்புக்கும் பார்க்க வேண்டியிருந்தது. சொல்லாமல் இருப்பது மூன்று வார ஓய்வைவிடக் கடினம்.

அந்தப் பருவத்தின் போட்டிகளை விட்டுக்கொடுத்தேன். ஒரு தேர்வை மருத்துவச் சான்றிதழ் காட்டித் தள்ளிவைத்தேன். பலருக்கு இரண்டு மூன்று வாரங்களில் பெரும்பகுதி தெளிந்துவிடுகிறது. சிலருக்குக் களைப்பு மட்டும் மாதக்கணக்கில், ஆறு மாதம்வரைகூட இழுக்கிறது. எனக்கு அது நடுவில் எங்கோ நின்றது. வைரஸ் இனி என் உடலைவிட்டுப் போகாது, நிணநீரணுக்களுக்குள் உறங்கிக்கொண்டிருக்கும். ஆனாலும் இதே காய்ச்சல் இரண்டாம் முறை வருவது மிக அரிது என்பதைப் பாட்டியிடம் சொல்லிச் சமாதானம் செய்துகொண்டேன். மிளகு ரசமும் மறுபடி சூடாகவே வருகிறது. குழுவில் எல்லோரும் அவரவர் புட்டியில் பெயரெழுதி நாடா ஒட்டுகிறார்கள். இரண்டு பேர் மட்டும் இன்னும் கைக்குக் கிடைத்ததைக் குடிக்கிறார்கள்.

இப்போது இடப்புறம் ஐந்தாம் வரிசைக்குத் திரும்பியிருக்கிறேன். 200 மீட்டரை முழு வேகத்தில் இழுக்கிறேன், மறுநாள் மாலையும் நலமாகவே இருக்கிறது. 500 மீட்டருக்குப் பயிற்றுநர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறார்.