பலூனுக்கு முன்னால் ஃப்ரீசருக்குப் போன பேட்டரி

வானில் வெகு உயரத்துக்குப் போகும் பலூனில், அது எங்கே இருக்கிறது என்று ரேடியோவில் சொல்ல ஒரு டிராக்கரை அனுப்பவிருந்தோம். அதன் பேட்டரிக்கு நான் போட்ட முதல் கணக்கு ரொம்பச் சுலபம். ஜிபிஎஸ், ரேடியோ எல்லாம் சேர்ந்து சராசரியாக 150 மில்லிஆம்பியர். ஏறி, பலூன் வெடித்து, பாராசூட்டில் இறங்க மூன்று மணி நேரம். விழுந்த இடத்தைத் தேடிப் போகும்வரை சிக்னல் வர இன்னும் ஏழு மணி நேரம். ஆக 1500 மில்லிஆம்பியர்-மணி. நான்கு அல்கலைன் ஏஏ பேட்டரிகளைத் தொடராகப் போட்டால் தாராளம் என்று நினைத்தேன். கூட்டல் பெருக்கலில் தப்பில்லை, குளிரைத்தான் கணக்கில் சேர்க்கவில்லை.

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் வெளியே மைனஸ் 50, 60 டிகிரி இருக்கும். அல்கலைனுக்குள் மின்சாரத்தைக் கடத்துவதோ தண்ணீரில் கரைந்த எலக்ட்ரோலைட். சரி, சோதித்துப் பார்ப்போம் என்று டிராக்கரை மட்டும் மேசையில் வைத்துவிட்டு, பேட்டரிகளை ஃப்ரீசரில் போட்டுக் கதவிடுக்கு வழியாக வயரை வெளியே எடுத்தேன். மல்டிமீட்டரில் முதலில் 6.4 வோல்ட். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சும்மா இருக்கும்போது ஆறு வோல்ட்டுக்குக் குறையவில்லை. ஆனால் ரேடியோ ஒவ்வொரு முறை சிக்னல் அனுப்பும்போதும் 400 மில்லிஆம்பியர் இழுக்கும். அந்த நொடியில் மீட்டர் 4.6-க்கு விழுந்தது. டிராக்கருக்கு நிலையாக 5 வோல்ட் கொடுக்கும் ரெகுலேட்டருக்கு அது போதவில்லை. டிராக்கர் ரீசெட் ஆகி, ஜிபிஎஸ் மறுபடி முதலிலிருந்து செயற்கைக்கோள்களைத் தேட ஆரம்பித்தது. அடுத்த சிக்னல், அடுத்த ரீசெட். பேட்டரி தீரவில்லை, குளிரில் உள்மின்தடை கூடிப்போனதுதான் காரணம். இவ்வளவுக்கும் ஃப்ரீசர் வெறும் மைனஸ் 18.

லித்தியம் பாலிமரும் யோசனையில் இருந்தது. எடை குறைவு, ரீசார்ஜ் செய்யலாம். ஆனால் அதற்கும் குளிர் ஆகாது. போதாக்குறைக்கு, மோதி நசுங்கினால் தீப்பிடிக்கும். ஆளில்லாத காய்ந்த புல்வெளியில் அது விழுவதை நினைத்ததும் விட்டுவிட்டேன்.

கடைசியில் எடுத்தது ரீசார்ஜ் ஆகாத லித்தியம் ஏஏ, இரும்பு டைசல்ஃபைடு வகை. எலக்ட்ரோலைட்டில் தண்ணீரே கிடையாது, மைனஸ் 40 வரை வேலை செய்யும். அல்கலைன் ஒன்று 23 கிராம் என்றால் இது 15. விலைதான் கடிக்கும். புதிதாக இருக்கும்போது ஒவ்வொன்றும் 1.8 வோல்ட் வரை காட்டும், நான்குக்கு 7.2. ரெகுலேட்டர் அதைத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதே ஃப்ரீசரில் இதைப் போட்டபோது டிராக்கர் ஒருமுறைகூட ரீசெட் ஆகவில்லை.

அப்புறம் ஸ்பிரிங் வைத்த ஹோல்டர். கையால் உலுக்கியதற்கே ஒரு பேட்டரி நழுவி மின்சாரம் நின்றது. பலூன் வெடிக்கும்போது பெட்டி படும் பாட்டுக்கு முன் அந்த உலுக்கல் ஒன்றுமே இல்லை. பேட்டரிகளை ஹோல்டரோடு சேர்த்து டேப் சுற்றி, கருவிகளின் சூடும் படட்டும் என்று டிராக்கருக்குப் பக்கத்திலேயே தெர்மோகோல் பெட்டியில் வைத்தேன்.

பறந்து வந்த பிறகு மெமரி கார்டைப் பார்த்தோம். மிகக் குறைந்த வோல்டேஜ் 5.7, அதுவும் உச்சியில் இல்லை, 14 கிலோமீட்டரில். அதற்கு மேலே காற்று மெலிந்து பெட்டியின் சூட்டை அவ்வளவாக இழுக்காததால், வோல்டேஜ் மெல்ல ஏறியிருந்தது.