கலைந்து போகச் சொன்ன உத்தரவு

ஜூன் 27

1942இல் இதே தேதியில் ஐஸ்லாந்தின் ஹ்வால்ஃபியோர்டிலிருந்து 35 சரக்குக் கப்பல்கள் கிளம்பின. போர்க்கப்பல்களின் காவலோடு கூட்டமாகப் போகும் இந்த அணியை கான்வாய் என்பார்கள். இதன் பெயர் பி.க்யூ. 17. போகவேண்டிய இடம் ஜெர்மனியோடு போரிட்டுக்கொண்டிருந்த சோவியத் யூனியனின் துறைமுகமான ஆர்க்காங்கெல்ஸ்க். கப்பல்களுக்குள் டாங்கிகள், விமானங்கள், லாரிகள், வெடிமருந்து, உணவு. ஒன்று கிளம்பும்போதே தரைதட்டியது, இன்னொன்று பனிக்கட்டியில் அடிபட்டுத் திரும்பியது. மிச்சம் 33.

கடற்படை அட்மிரல்கள் என்ன நினைத்தார்கள், என்ன செய்தார்கள் என்றே இந்தக் கதையைப் பெரும்பாலும் சொல்வார்கள். சரக்குக் கப்பலின் இன்ஜின் ரூமில் வேலை பார்த்தவன் நான். கீழே வாட்ச்சில், அதாவது பணிமுறையில், நின்றவர்களுக்கு என்ன நடந்தது என்று அந்தந்தத் தேதியிலேயே எழுதிவரப் போகிறேன்.

ஜூலை 1

ஜெர்மன் கண்கள் இன்று கான்வாயைப் பார்த்துவிட்டன. இந்த மாதத்தில் அந்தக் கடலில் சூரியன் மறைவதில்லை. ஒளிந்துகொள்ள இரவே கிடையாது.

கான்வாய் எப்படிக் காப்பாற்றுகிறது என்று சொல்லிவிடுகிறேன். கப்பல்களை அகலமாக, பல பத்திகளாக நிறுத்துவார்கள். ஒவ்வொரு பத்தியும் குட்டையாக இருக்கும். டார்பிடோவுக்கு வாகான இலக்கு கப்பலின் பக்கவாட்டு. பத்தி குட்டையானால் வெளியே தெரியும் பக்கவாட்டும் குறையும். அக்கால நீர்மூழ்கி நீர்மட்டத்தில் பெரும்பாலான சரக்குக் கப்பல்களைத் துரத்திப் பிடிக்கும். முங்கினால் பேட்டரியில்தான் ஓட வேண்டும், ஊர்ந்துதான் போகும். காவல் கப்பல்கள் அதை முங்கவைத்தாலே போதும், கான்வாய் முன்னே போய்விடும். மூழ்கடித்தே ஆகவேண்டும் என்பதில்லை.

இதற்கு இன்ஜின் ரூம் கொடுக்கிற விலை யாருக்கும் தெரிவதில்லை. பக்கத்துக் கப்பலோடு இடைவெளி மாறாமல் இருக்க, மேலிருந்து ஓயாமல் உத்தரவு வரும்: இரண்டு ரெவல்யூஷன் கூட்டு, மூன்று குறை. நிலக்கரிக் கப்பலில் கொஞ்சம் அவசரப்பட்டு அள்ளிப்போட்டால் கரும்புகை எழும்பும். அடிவானத்துக்கு அப்பாலிருந்தே எதிரி பார்த்துவிடுவான். உடனே சரக்குக் கப்பல்களின் தலைவரான கமடோரிடமிருந்து புகையைக் குறைக்கச் சொல்லி சிக்னல். வெளியே என்ன நடக்கிறது என்பதைக் கீழே இருப்பவன் காதால்தான் ஊகிக்க வேண்டும். நீர்மூழ்கியைத் தாக்கக் காவல் கப்பல்கள் போடும் ஆழ்நீர் குண்டு வெடித்தால் அந்த அதிர்ச்சி கப்பலின் தகட்டிலேயே அறையும். டார்பிடோ முதலில் தேடி வருவதும் அவன் நிற்கும் இடத்தைத்தான்.

ஜூலை 4

அதிகாலை மூடுபனியின் இடைவெளியில் ஒரு விமானம் வந்து 'கிறிஸ்டோபர் நியூபோர்ட்' கப்பலின் இன்ஜின் ரூமில் டார்பிடோவை இறக்கியது. கீழே வாட்ச்சில் இருந்தவர்கள் பிழைக்கவில்லை.

காலையில் அமெரிக்கக் கப்பல்கள் தங்கள் பழைய கொடிகளை இறக்கின. கொடிகளை எதிரியே சுட்டுவிட்டானோ என்று பார்த்தவர்கள் திகைக்கும்போது, அவற்றின் இடத்தில் புத்தம்புதிய பெரிய கொடிகள் ஏறின. அது அவர்களுடைய சுதந்திர தினம்.

மாலையில் ஜெர்மனியின் ஹெயின்கல் விமானங்கள் கூட்டமாக வந்தன. 'நவரினோ'வும் 'வில்லியம் ஹூப்பர்'ரும் போயின. ஆளிவிதை எண்ணெய் ஏற்றிய சோவியத் டாங்கர் 'அஜர்பைஜான்' அடிவாங்கியும் எழுந்து வந்து வரிசையில் சேர்ந்துகொண்டது. அதன் சிப்பந்திகளில் பெண்களும் இருந்தார்கள். காவல் படைத் தலைவர் ஜாக் புரூமுக்கு அன்று நம்பிக்கை கூடியிருந்தது: குண்டு கையிருப்பு தீராதவரை இந்தக் கான்வாய் எங்கும் போய்ச் சேரும்.

பிறகு லண்டனிலிருந்த கடற்படைத் தலைமையிடமிருந்து மூன்று செய்திகள். இரவு 9:11க்கு, குரூஸர்கள் என்ற பெரிய காவல் போர்க்கப்பல்கள் வேகமாக மேற்கே விலக வேண்டும். 9:23க்கு, கான்வாய் பிரிந்து ரஷ்யத் துறைமுகங்களுக்குப் போக வேண்டும். 9:36க்கு, கான்வாய் சிதற வேண்டும்.

கமடோர் டௌடிங் 'ரிவர் ஆஃப்டன்' என்ற சரக்குக் கப்பலில் இருந்தார். நம்ப முடியாமல் சிக்னலை உறுதிப்படுத்தச் சொன்னார். புரூமின் கப்பல் 'கெப்பல்' அருகே வந்து சொன்ன பிறகே சிதறச் சொல்லும் கொடி ஏறியது. ஒவ்வொரு கப்பலும் முன்பே வகுத்த கோணத்தில் திரும்பித் தனித்தனியே போனது. அடிவானத்தில் ஜெர்மன் போர்க்கப்பல் 'டிர்பிட்ஸ்' தெரியப்போகிறது என்றே எல்லோரும் நினைத்தார்கள். புரூம் தன் வேகமான காவல் கப்பல்களான டெஸ்ட்ராயர்களைச் சண்டைக்கென்று குரூஸர்களோடு சேர்க்கப் போனார். அங்கே சண்டை எதுவும் இல்லை.

ஜூலை 5

நேற்றிரவு லண்டனில் நடந்ததைப் பற்றிப் படிக்கப் படிக்க ஆறவில்லை.

கடற்படை உளவுப் பிரிவில் நார்மன் டென்னிங் என்ற அதிகாரி இருந்தார். உடைத்துப் படிக்கப்பட்ட எதிரியின் கம்பியில்லாத் தந்திகளை வைத்து எதிரிக் கப்பல்கள் எங்கே என்று கணிப்பது அவர் வேலை. 'டிர்பிட்ஸ்' நார்வேயின் ஆல்டா ஃபியோர்டிலேயே நிற்கிறது என்பது அவர் கணிப்பு. பெரிய கப்பல் கிளம்பினால் ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்கு எச்சரிக்கை போயிருக்கும், வழக்கமான தந்திப் பரபரப்பும் இருந்திருக்கும். இரண்டுமே இல்லை. கடற்படைத் தலைவர் டட்லி பவுண்ட் அவரிடம் கேட்டது வேறு: இன்னும் அங்கேதான் இருக்கிறது என்று உறுதிகூற முடியுமா? கிளம்பிய பிறகுதான் தகவல் கிடைக்கும் என்பதே அந்தத் தொழிலின் இயல்பு. டென்னிங்கால் உறுதிகூற முடியவில்லை. பவுண்ட் முடிவெடுத்துவிட்டார்.

எதிரே வருவது பீரங்கிக் கப்பலானால் சிதறுவது சரி. ஒன்றைத் துரத்தும்போது மற்றவை தப்பும். நீர்மூழ்கியும் விமானமும் சூழ்ந்திருக்கும்போது சிதறுவது தற்கொலை. அங்கே இரண்டும் ஏற்கெனவே இருந்தன. 'டிர்பிட்ஸ்' கிளம்பியது இன்று, அதாவது ஜூலை 5 அன்றுதான். அதற்கு வேலையே இல்லை என்று தெரிந்து அன்றிரவே திருப்பி அழைக்கப்பட்டது.

இந்த ஒரே நாளில் ஒரு டஜனுக்கு மேற்பட்ட கப்பல்கள் அடிபட்டன. ரேடியோ அதிகாரிகள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக அழியும் கப்பல்களின் அபயக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டௌடிங்கின் கப்பலும் மூழ்கியது. அவர் பிழைத்தார். 'வாஷிங்டன்' கப்பலின் ஆட்கள் லைஃப் போட்டில் தவித்தபோது 'ஒலோபானா' ஏற்றிக்கொள்ள வந்தது. அவர்கள் ஏற மறுத்தார்கள். அந்தக் கடலில் தண்ணீரில் விழுந்தவன் நிமிடக் கணக்கில்தான் உயிரோடு இருப்பான். அப்படியிருந்தும் கப்பலைவிடத் திறந்த படகே மேல் என்று அவர்களுக்குத் தோன்றியது. மூன்றாம் நாள் 'ஒலோபானா'வும் போனது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கப்பல் மூழ்கிய நாளோடு மாலுமியின் சம்பளத்தை நிறுத்துகிற வழக்கம் பிரிட்டனில் 1941 மே மாதம்வரை இருந்தது. படகில் துடுப்புப் போட்ட நாட்களுக்குக் கூலி கிடையாது. இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

ஜூலை 7

லியோ கிராட்வெல் தொழிலில் வழக்கறிஞர். போருக்காகக் கடற்படைக்கு வந்தவர். 'அயர்ஷயர்' என்ற ஆயுதம் பூட்டிய மீன்பிடி டிராலர் அவர் கையில். சிதறச் சொன்னதும் அவர் தனியாக ஓடவில்லை. 'ட்ரூபடோர்', 'அயர்ன்கிளாட்', 'சில்வர் ஸ்வார்ட்' ஆகிய மூன்றையும் கூட்டிக்கொண்டு வடக்கே பனிப்பாளத்துக்குள் நுழைந்தார்.

'ட்ரூபடோர்'ரில் வெள்ளை பெயின்ட் நிறைய இருந்தது. கப்பல்களுக்கு வெள்ளையடித்தார்கள். டெக்கில் படுக்கை விரிப்புகளை விரித்தார்கள். சரக்காக ஏற்றியிருந்த டாங்கிகளில் குண்டை நிரப்பி, பீரங்கிகளை வெளிப்பக்கம் திருப்பினார்கள். புகை வரக்கூடாது என்று பாய்லர் நெருப்பை அமர்த்தினார்கள். என்னைப் பிடித்து நிறுத்துவது இதுதான். ஆர்க்டிக்கில், நான்கு பக்கமும் பனி நெருக்க, நெருப்பை அமர்த்துவது என்றால் எதிரி கண்ணில் பட்ட மறுநிமிடம் ஓட முடியாது. நீராவி திரும்ப ஏற நேரம் பிடிக்கும். அது தெரிந்தும், பாய்லருக்குத் தீனி போடும் ஸ்டோக்கர்கள் செய்தார்கள். மேலே விமானங்கள் பறந்தன, யாரும் அவர்களைப் பார்க்கவில்லை.

ஜூலை 16

ஆர்க்காங்கெல்ஸ்க் வந்து சேர்ந்த டௌடிங் ஓய்வெடுக்கவில்லை. நோவயா ஜெம்லியா தீவுக் கரைகளில் ஒதுங்கிய கப்பல்களைக் கூட்டிவர, சிறிய காவல் கப்பல்களான கார்வெட்டுகளோடு இன்று திரும்பவும் கிளம்பினார்.

ஜூலை 25

கிராட்வெல் கூட்டிப்போன மூன்று கப்பல்களும் ஆர்க்காங்கெல்ஸ்க் வந்து சேர்ந்தன.

கணக்கு இது. சரக்குக் கப்பல்களில் கரை சேர்ந்தவை 11. மூழ்கியவை 22, அவற்றோடு எண்ணெய்க் கப்பல் 'ஆல்டர்ஸ்டேல்', மீட்புக் கப்பல் 'ஜாஃபரான்' சேர்த்து 24. இறந்த வணிகக் கப்பல் மாலுமிகள் 153 பேர். கடலுக்குள் போனவை 430 டாங்கிகள், 210 விமானங்கள், 3,350 வாகனங்கள். கூட்டமாக இருந்தவரை நான்காம் தேதி வரைக்கும் மூன்று கப்பல்தான் போயிருந்தது. மிச்சம் எல்லாம் சிதறிய பிறகு.

தப்பியவர்களுக்கும் அதே கடல்வழியாகத்தான் வீடு திரும்ப வேண்டியிருந்தது. செப்டம்பரில் க்யூ.பி. 14 என்ற கான்வாயில் வந்தார்கள். 20ஆம் தேதி 'சில்வர் ஸ்வார்ட்' மூழ்கியது. 22ஆம் தேதி பி.க்யூ. 17இல் தப்பிய 'பெல்லிங்ஹாம்', அதோடு கமடோர் ஏறியிருந்த 'ஓஷன் வாய்ஸ்'. கமடோர் அதே டௌடிங்தான். இந்த முறையும் உயிரோடு மீண்டார்.

அடுத்த கான்வாயான பி.க்யூ. 18 செப்டம்பர் 2ஆம் தேதி ஸ்காட்லாந்தின் லாக் ஈவிலிருந்து புறப்பட்டது. இந்த முறை கூடவே ஒரு சிறிய விமானந்தாங்கிக் கப்பலும் போனது. அன்றைக்குத் திரும்ப எழுத உட்காருகிறேன்.