ஊர் திரும்பிய பிறகு வந்த காய்ச்சல்

போர்வெல் மோட்டார் பொருத்தும் வேலைக்காக நான்கு மாதம் உகாண்டாவில் குலு பக்கம் இருந்துவிட்டு வந்தேன். கிளம்பும் முன் எல்லாரும் எச்சரித்தது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பற்றித்தான். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்கு பாஸ்போர்ட்டோடு போய்ப் போட்டுக்கொண்டேன். ஊசி போட்டதற்குச் சான்றாக ஒரு மஞ்சள் அட்டை கொடுப்பார்கள். போட்டு 10 நாள் ஆன பிறகுதான் அது செல்லும். அதற்கப்புறம் ஆயுசுக்கும் போதும். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். உகாண்டாவின் என்டெபி விமான நிலையத்தில் இறங்கியதும் அட்டையைக் கேட்கிறார்கள். திரும்பும்போது நம் விமான நிலையத்திலும் கேட்பார்கள். இல்லாவிட்டால் 6 நாள் வரை தனியாக வைத்துவிடுவார்கள்.

மலேரியாவுக்கு டாக்டர் டாக்சிசைக்ளின் எழுதிக் கொடுத்தார். தினம் ஒன்று, கிளம்புவதற்கு முந்தைய நாள் தொடங்கி, ஊர் திரும்பிய பிறகும் 4 வாரம். முதல் வாரம் படுக்கப் போகும்போது ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கினேன். நெஞ்சுக்குள் தீ வைத்ததுபோல் எரிந்தது. அப்புறம் காலைச் சாப்பாட்டோடு ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடித்து, அரை மணி நேரம் படுக்காமல் இருந்து பார்த்தேன், எரிச்சல் போய்விட்டது. இந்த மாத்திரை சாப்பிட்டால் வெயில் தோலைச் சீக்கிரம் சுட்டுவிடும். அதனால் முழுக்கைச் சட்டைதான்.

அங்கே கூட வேலை பார்த்த பெரியவர் ஒருவர் முதல் நாளே, "வெளியே காயப்போட்ட துணியை இஸ்திரி போடாமல் உடுத்தாதே" என்றார். மாம்பழ ஈ என்று ஒன்று ஈரத்துணியில் முட்டை வைக்குமாம். பனியனை அப்படியே போட்டுக்கொண்ட எங்கள் ஆள் ஒருவருக்கு இடுப்பில் கட்டிபோல் வீங்கி, நடுவில் ஊசிமுனை அளவு துவாரம் இருந்தது. பெரியவர் அதன்மேல் வாசலினை அப்பினார். கொஞ்ச நேரத்தில் மூச்சுக்காக ஒரு வெள்ளைப் புழு வால் முனையை நீட்டியது. அன்றிலிருந்து நான் கைக்குட்டையைக்கூட விடாமல் தேய்த்தேன், தையல் மடிப்பு உட்பட.

இவ்வளவு கவனமாக இருந்தவன், கோயம்புத்தூர் வந்த ஐந்தாம் நாளே மாத்திரையை நிறுத்திவிட்டேன். இங்கே கொசு கடித்தால் என்ன என்று நினைத்தேன். அங்கே கடைசி நாட்களில் கடித்த கொசுவின் கிருமி ஈரலில் தங்கிவிட்டு, அப்புறம்தான் ரத்தத்துக்கு வரும். அதற்காகத்தான் அந்த 4 வாரம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

பதினைந்தாம் நாள் சாயங்காலம் பல் கிட்டும் குளிர். மூன்று போர்வை போர்த்தியும் நிற்கவில்லை. பக்கத்துக் கிளினிக்கில் வைரல் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்தார்கள். நான் எங்கே போய்வந்தேன் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறுநாள் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய் உட்கார்ந்ததுமே "உகாண்டாவிலிருந்து வந்து 16 நாள் ஆகிறது" என்றேன். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். ஃபால்சிபாரம் மலேரியா. மூளை, சிறுநீரகம் வரை ஒரே நாளில் போய்விடக்கூடிய வகை. உள்ளே சேர்த்து, 3 நாளில் 6 வேளை, வேளைக்கு 4 மாத்திரை, பாலோடு கொடுத்தார்கள்.

மார்ச்சில் மறுபடி போகிறேன். திரும்பி வந்தபின் சாப்பிட வேண்டிய 28 மாத்திரையை எண்ணித் தனி டப்பாவில் போட்டு சாமி அலமாரியில் வைத்திருக்கிறேன். கணக்கு மனைவிக்கும் தெரியும்.