எங்கள் புளோக்கின் கைப்பேசிக் கணக்கெடுப்பு

சிங்கப்பூரில் 3ஜி எனும் பழைய கைப்பேசிச் சேவை நிறுத்தப்படவிருந்த 2024ஆம் ஆண்டில், எங்கள் அடுக்குமாடி புளோக்கில் வசிக்கும் மூத்தோரின் தொலைத்தொடர்புத் தேவைகளைக் கணக்கெடுக்கும் பணியில் தொண்டூழியராகச் சேர்ந்தேன். தமிழ் பேசும் வீடுகள் என் பொறுப்பு.

கையில் தரப்பட்ட படிவத்தின் முதல் கேள்வி, ‘கைப்பேசி வைத்திருக்கிறீர்களா?’ என்பதுதான். முதல் நாள் மாலை ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் ‘இருக்கிறது’ என்றே பதில் வந்தது. அதை அப்படியே பதிந்திருந்தால், எங்கள் புளோக்கில் எந்தத் தேவையும் இல்லை என்று முடிந்திருக்கும்.

ஏழாம் மாடியில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி தம் கைப்பேசியை நீட்டி, “தம்பி, இதுல 4ஜின்னுதானே போட்டிருக்கு, எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?” என்று கேட்டார். “ஒரு தடவ கூப்பிட்டுப் பாத்துடலாம் பாட்டி” என்று சொல்லி, அதிலிருந்து என் எண்ணை அழைத்தேன். மணி அடிக்கத் தொடங்கியதுமே திரையின் மேல்மூலையில் இருந்த 4ஜி மறைந்து 3ஜி என்று மாறியது. இணையத்துக்கு 4ஜியைப் பயன்படுத்தினாலும், அதன் வழியாகக் குரலழைப்பு செய்யும் வசதி இல்லாத பழைய கைப்பேசிகள் பேசும்போது 3ஜிக்கு இறங்கிவிடும். 3ஜி நின்றுபோனால், நெஞ்சு வலிக்கிறது என்று அவசர மருத்துவ உதவிக்கான 995 எண்ணை அழைக்கக்கூட அந்தக் கைப்பேசி உதவியிருக்காது. அன்று முதல் வாய்ப்பதிலை நம்பாமல், ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அழைப்பைச் செய்து பார்த்த பிறகே குறித்துக்கொண்டோம்.

படிவத்தில் இல்லாத இன்னொரு கேள்வியையும் சேர்த்தோம்: குறுஞ்செய்தியில் ஒருமுறை மட்டும் பயன்படும் மறைச்சொல் வந்தால் யாரிடம் காட்டுவீர்கள்? வீடுகளுக்கு அரசு தரும் சிடிசி பற்றுச்சீட்டுகளைப் பெறுவதற்குக்கூட சிங்பாஸ் எனும் அரசின் மின்னிலக்க அடையாளக் கணக்கு தேவைப்படும் காலத்தில், பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமும் கடைக்காரரிடமும் காட்டுவதாகச் சிலர் சொன்னது எனக்குப் பெரும் கவலையைத் தந்தது.

பட்டியல் தயாரானதும், அதை யாரிடம் கொடுப்பது என்பதே கடினமாகிவிட்டது. இங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட தனி நகராட்சி கிடையாது. புளோக்கின் பராமரிப்பு நகர மன்றத்தின் வேலை. உள்ளூர் உதவித் திட்டங்களை ஐந்து சமூக மேம்பாட்டு மன்றங்கள் கவனிக்கின்றன. மூத்தோருக்கு மின்னிலக்கத் திறன்களைக் கற்றுத்தருவது 2020இல் தொடங்கப்பட்ட எஸ்ஜி மின்னிலக்க அலுவலகத்தின் பணி. நாங்கள் முதலில் அணுகிய ஓர் அலுவலகம், இது தன் பொறுப்பில் வராது என்று ஒரே வரியில் பதில் எழுதியது. குடியிருப்பாளருக்கு மிக அருகில் இருக்கும் அமைப்பே பட்டியலைப் பெற்றுக்கொண்டு உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏழாம் மாடியிலிருந்து ஊன்றுகோலுடன் இறங்கி வருபவரை மூன்று அலுவலகங்களுக்கு அலையவிடக் கூடாது.

கடைசியில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தின் வழியாகவே வழி பிறந்தது. ஒரு சனிக்கிழமை காலை, கைப்பேசிப் பயன்பாட்டைக் கற்றுத்தரும், தமிழ் பேசும் மின்னிலக்கத் தூதர் ஒருவர் புளோக்கின் கீழ்த்தளத்தில் மேசை போட்டு அமர்ந்தார். பாட்டி புதிய கைப்பேசியுடன் வந்து, முதல் அழைப்பை எனக்கே செய்தார். மணி அடித்து முடியும்வரை அந்த மேல்மூலையையே இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.