சிஸ்எஃப்எஸ் ஜிபிஐஓ ஆவணத் திருத்தம்: பாதிக் கிணறு தாண்டியாச்சு

லினக்ஸ் போர்டு வழிகாட்டியில் இருந்த சிஸ்எஃப்எஸ் ஜிபிஐஓ பகுதியை (போர்டின் பின்களை /sys கோப்புகள் வழியாக இயக்கும் பழைய முறை) தூக்கிவிட்டு, கேரக்டர் டிவைஸ் முறையை (/dev-இல் உள்ள ஜிபிஐஓ சிப் கோப்பைத் திறந்து இயக்குவது) எழுதும் மாற்றம் ரிவ்யூவில் இருக்கிறது. முதல் பாதி ஓகே. இரண்டாம் பாதியை நிறுத்தி வைத்திருக்கிறேன். காரணம் ஒரே ஒரு அட்டவணை: இடப்பக்கம் பழைய கட்டளை, வலப்பக்கம் புதியது. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது, ஆனால் தப்பு: இரண்டும் ஒன்றுபோல் நடப்பதில்லை.

பழைய முறையில் ஒரு லைனை (பின்னை) எக்ஸ்போர்ட் செய்து, அவுட்புட் ஆக்கி, வேல்யூ கோப்பில் 1 எழுதினால், ஷெல்லை மூடினாலும் எல்இடி எரிந்துகொண்டே இருக்கும். அன்எக்ஸ்போர்ட் செய்யும்வரை லைன் கைவிட்டுப் போகாது. புதிய முறையில் ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்த கோப்பின் பிடி) மூடியதும் லைன் நம் கையை விட்டுப் போச்சு. அதற்கப்புறம் அந்த லைன் 1-லேயே நிற்குமா, இன்புட்டாகத் திரும்புமா என்பது டிரைவர் இஷ்டம்.

இதில் லிப்ஜிபிஐஓடி (புதிய முறைக்கான லைப்ரரியும் கட்டளைகளும்) வேறு. வெர்ஷன் 1-ல் அதன் ஜிபிஐஓசெட் கட்டளை மதிப்பை வைத்ததும் வெளியேறிவிடும். 2-ல் நாம் நிறுத்தும்வரை லைனைப் பிடித்துக்கொண்டு ஓடும். பூட் ஸ்கிரிப்டில் அப்படியே போட்டால் அடுத்த வரிக்கே போகாது, பின்னணியில் ஓடவிடும் டீமனைஸ் ஆப்ஷன் வேண்டும். சிப் பெயரும் 1-ல் முதல் ஆர்கியுமென்ட், 2-ல் தனி ஆப்ஷன். டெபியன் 12-ல் இருப்பது லிப்ஜிபிஐஓடி 1.6, டெபியன் 13-ல் 2.2. ஆக, வெர்ஷன் குறிப்பிடாத எந்த எடுத்துக்காட்டையும் விடப்போவதில்லை.

'இந்த வசதி நீக்கப்பட்டது' என்ற வரியையும் அடித்தேன். 2016-ல், கெர்னல் 4.8-ல் கேரக்டர் டிவைஸ் வந்தபோது சிஸ்எஃப்எஸ் 'டெப்ரிகேட்டட்' (இருக்கும், ஆனால் இனி பயன்படுத்த வேண்டாம்) ஆனது, அவ்வளவுதான். ராஸ்பெர்ரி பை 4 போன்றவற்றில் கெர்னல் 6.6 முதல் ஜிபிஐஓ 17-ஐ எக்ஸ்போர்ட் செய்தால் 'இன்வேலிட் ஆர்கியுமென்ட்' வருவதைப் பார்த்துத்தான் பலர் நீக்கிவிட்டார்கள் என்று நினைக்கிறார்கள். சிஸ்எஃப்எஸ் எண்கள் தொடங்கும் பேஸ் எண் 0-லிருந்து 512-க்கு நகர்ந்துவிட்டது. 512 + 17 = 529 கொடுத்தால் வேலை செய்யும். ஆனால் ஆவணத்தில் 529 என்று எழுதக் கூடாது, நாளை அதுவும் நகரும். சிப் பெயர், அந்தச் சிப்புக்குள் லைனின் எண்ணான ஆஃப்செட் 17, இது போதும்.

சோதிக்க 330 ஓம் ரெசிஸ்டரோடு ஒரு எல்இடி போதும். மலிவு ரிலே மாட்யூல்கள் வேண்டாம்: பல ஆக்டிவ்-லோ (0 கொடுத்தால்தான் ரிலே இயங்கும்), கடைக்காரர் பெரும்பாலும் அதைச் சொல்வதில்லை. போர்டே இல்லாதவர்களுக்கு 5.17 முதல் கெர்னலில் ஜிபிஐஓ-சிம் (போலி ஜிபிஐஓ சிப்) இருக்கிறது. கட்டளை வடிவத்தைச் சரிபார்க்க அது போதும், லைனை விட்டபின் என்ன ஆகும் என்பதற்கு நிஜ டிரைவர்தான் சாட்சி.

அடுத்து எட்ஜ் பகுதி, அதாவது லைன் 0-1 மாறுவதைக் கவனிப்பது. போல் செய்து (மாற்றத்துக்குக் காத்திருந்து), எல்சீக் செய்து (கோப்பின் தொடக்கத்துக்குத் திரும்பி) மறுபடி படிக்கும் பழைய கூத்துக்குப் பதில், டைம்ஸ்டாம்போடு ஈவென்ட் வருகிறது. பஃபர் மாற்றாவிட்டால் லைனுக்கு 16 ஈவென்ட்தான். நிரம்பினால் பழையது விழும், வரிசை எண்ணில் இடைவெளி தெரியும். அட்டவணை திருந்தி வந்ததும் இதை எடுக்கிறேன்.